108 வண்டியில் வருபவர் நர்ஸா? மருத்துவமனைக்கு முந்தைய சிகிச்சையில் செவிலியரின் இடம்

108 வண்டியின் பின்கதவைத் திறந்து இறங்குபவரை ஒரு வீட்டில் "டாக்டர்" என்பார்கள், பக்கத்து வீட்டில் "நர்சம்மா" என்பார்கள். வண்டி நோயாளியோடு கிளம்பாமல் பத்து நிமிடம் நின்றுவிட்டால், "ஏன் இன்னும் எடுக்கவில்லை?" என்று தெருவே கேட்கும். வந்தவர் யார், எதைச் செய்ய அவருக்கு அனுமதி உண்டு, அந்தப் பத்து நிமிடத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதெல்லாம் தெரியாததால் வரும் குழப்பம் இது. ஆம்புலன்ஸில் செவிலியர்தான் இருக்க வேண்டும் என்று சில நாடுகள் சட்டமே வைத்திருக்கின்றன. நம் ஊரில் அப்படி இல்லை. இந்த வேறுபாட்டால் நோயாளிக்கு என்ன ஆகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில் சொற்கள்

உதவி கேட்டு அழைப்பு போன நொடியிலிருந்து, மருத்துவமனைப் பணியாளர் நோயாளியைப் பொறுப்பேற்கும் நொடி வரை நடக்கும் கவனிப்பு முழுவதும் மருத்துவமனைக்கு முந்தைய சிகிச்சை. அதில் மூன்று வகைப் பணியாளர்கள் வருகிறார்கள்.

1. மருத்துவ உதவியாளர் (இ.எம்.டி.): தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவையின் முதுகெலும்பு இவர். பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். ஆகிய செவிலியர் படிப்புகளைப் படித்தவர்களும் இந்த வேலைக்கு வருகிறார்கள். விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் பட்டதாரிகளும் வருகிறார்கள். தேர்வானபின் சில வாரங்கள் வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் வண்டியிலும் பயிற்சி தரப்படுகிறது. ஆகவே வந்தவர் செவிலியராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வண்டியில் அவருடைய பதவி இரண்டு நிலையிலும் ஒன்றுதான்.

2. பாராமெடிக்: அவசர மருத்துவத் தொழில்நுட்பத்தையே பட்டப்படிப்பாகப் படித்தவர். 2021-இல் நிறைவேறிய தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டம் இவரைத் தனித் தொழிலராக அங்கீகரிக்கிறது.

3. அவசரப் பிரிவுச் செவிலியர்: செவிலியர் படிப்பை முடித்துப் பதிவு பெற்று, அவசர சிகிச்சையிலோ தீவிர சிகிச்சையிலோ தேர்ந்தவர். அவசர மற்றும் பேரிடர் செவிலியத்துக்கு ஓராண்டு மேற்பட்டயப் படிப்பும் இந்தியாவில் உண்டு. அதை முடிப்பவர்கள் பெரும்பாலும் மருத்துவமனைச் சுவர்களுக்குள்ளேயே பணியமர்த்தப்படுகிறார்கள்.

பைலட் என்று 108-இல் அழைக்கப்படும் ஓட்டுநரை விட்டுவிடக் கூடாது. பல வண்டிகளில் மருத்துவ உதவியாளருக்கு இருக்கும் ஒரே துணைக்கை அவருடையதுதான்.

## மற்ற நாடுகள் ஏன் செவிலியரை ஏற்றின?

ஸ்வீடனில் 2005 முதல், அவசர சிகிச்சைக்குப் போகும் ஒவ்வொரு ஆம்புலன்ஸிலும் பதிவு பெற்ற செவிலியர் ஒருவராவது இருந்தாக வேண்டும். காரணம் மருந்து. ஊசி மருந்தைத் தேர்ந்து, அளவு பார்த்துச் செலுத்தும் பொறுப்பு பதிவு பெற்ற செவிலியருக்கே உரியது என்று அங்கே விதி வந்தது. மூன்றாண்டு செவிலியர் பட்டத்துக்கு மேல், ஆம்புலன்ஸ் பணிக்கென்றே ஓராண்டுச் சிறப்புப் படிப்பும் இருக்கிறது.

நெதர்லாந்தில் வண்டிக்கு ஒரு செவிலியர், ஒரு ஓட்டுநர் என்பதே நெடுங்கால வழக்கம். தீவிர சிகிச்சை, இதய சிகிச்சை, மயக்க மருந்து, அவசரப் பிரிவு ஆகியவற்றில் ஒன்றில் பழுத்தவர்களையே எடுத்துத் தனிப் பயிற்சி தருகிறார்கள். அவர்களின் கையில் நாடு முழுவதற்கும் பொதுவான நெறிமுறை நூல் ஒன்று இருக்கிறது. நெஞ்சுவலிக்கு என்ன மருந்து, வலிப்புக்கு எவ்வளவு, எப்போது நோயாளியை வீட்டிலேயே விட்டு வரலாம் என்பதெல்லாம் அதில் எழுத்தில் உள்ளன. அந்த வரம்புக்குள் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்காமலேயே செவிலியர் முடிவெடுக்கிறார்.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் முதலில் படிப்பு வேறுபடுவது கண்ணில் படும். என் கணிப்பில் முடிவெடுக்கும் அதிகாரம் வேறுபடுவதுதான் அதைவிடப் பெரியது. இங்கே வண்டியில் இருப்பவர் மருந்து கொடுக்குமுன் கட்டுப்பாட்டு அறை மருத்துவரை அழைத்து அனுமதி பெறுகிறார். பயிற்சி குறைவானவருக்கு அது நல்ல பாதுகாப்பு. பத்தாண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த செவிலியரும் அதே வரிசையில் நிற்கும்போது, அவருடைய அனுபவம் நோயாளிக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது.

## அந்தப் பத்து நிமிடம்

மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம், நினைவு, உடல் முழுப் பரிசோதனை என்ற வரிசை எல்லாப் பணியாளருக்கும் பொதுவானது. இரத்தம் பெருக்கெடுக்கும் வெளிக்காயம் இருந்தால் மட்டும் அதை முதலில் அடக்க வேண்டும்: நேரடியாக அழுத்திப் பிடிப்பது, கை கால்களில் அதற்கும் நிற்கவில்லை என்றால், மூட்டின் மேல் படாமல், காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே டூர்னிக்கே (இரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை) போட்டு, போட்ட நேரத்தை அதன்மேலேயே எழுதுவது.

செவிலியப் பயிற்சியின் தனிமுத்திரை அதற்குப் பிறகு தெரியும். ஒருமுறை பார்த்த அளவை நம்பாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பது, முந்தைய எண்ணோடு ஒப்பிடுவது. வார்டில் ஆண்டுக்கணக்கில் பழகிய இந்தக் கைவழக்கம் உயிரைக் காப்பது எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

பைக்கிலிருந்து விழுந்த இருபத்தைந்து வயது இளைஞர், வெளியில் பெரிய காயம் இல்லை. முதல் அளவு: நாடி 96, இரத்த அழுத்தம் 118/76. பத்து நிமிடத்தில் நாடி 112, மேலும் பத்து நிமிடத்தில் 126. மேல் இரத்த அழுத்தம் இன்னும் 110-க்குக் குறையவில்லை. அழுத்தத்தை மட்டும் பார்ப்பவர் "நார்மல்" என்று எழுதுவார். பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம். இளம் உடல் இரத்தக் குழாய்களைச் சுருக்கியும் நாடியை விரைவுபடுத்தியும் ஏறத்தாழ 1,500 மி.லி. இழப்பு வரை அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். பிறகு சட்டென்று கைவிடும். ஏறிக்கொண்டே போகும் நாடி, குளிர்ந்த ஈரக் கை, நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்கு மேலும் திரும்பாத சிவப்பு: இந்த மூன்றும் சேர்ந்தால் வயிற்றிலோ இடுப்பெலும்பிலோ உள்ளே இரத்தம் கசிவதாக ஐயப்பட வேண்டும். நாடி 112-இல் இருக்கும்போதே கண்டுபிடித்தால், அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்கு வண்டியை நேரே திருப்பலாம். இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராமைப் பத்து நிமிடத்தில் மெதுவாக ஏற்றலாம். விபத்து நடந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அந்த மருந்தால் பயன். அதற்குப் பின் கொடுத்தால் தீங்குகூட நேரலாம்.

இங்கே அடிக்கடி நேரும் பிழை, சலைன் பாட்டில்களை வேகமாக ஏற்றுவது. குளிர்ந்த திரவம் உடல் சூட்டை இறக்கும், இரத்தம் உறையும் ஆற்றலை நீர்க்கச் செய்யும், காயத்தை அடைத்து உருவான இரத்தக் கட்டியைத் தள்ளிவிடும். 250 மி.லி. ஏற்றிப் பார்த்து, மணிக்கட்டு நாடி தட்டுப்பட்டதும் நிறுத்துவதே முறை. தலைக்காயம் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அங்கே மேல் அழுத்தம் ஒரே ஒரு தடவை 90-க்குக் கீழே போனாலும் மூளைக்குக் கேடு. ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனாலும் அப்படியே.

மாரடைத்து இதயமே நின்றுபோன நோயாளியிடம் வண்டி "நின்றுவிடுவது" சரியான சிகிச்சை. ஓடும் வண்டியில் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் ஒழுங்காக அழுத்த முடியாது. அதனால்தான் தரையிலேயே தொடங்குகிறார்கள். அப்போது "வண்டியை எடுங்க" என்று அவசரப்படுத்துவது, எவ்வளவு பாசத்தோடு செய்தாலும், நோயாளிக்கு எதிராகப் போய்விடும்.

## ஓடும் வண்டியில் பிரசவம்

108-க்கு வரும் அழைப்புகளில் பிரசவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சில குழந்தைகள் வழியிலேயே பிறக்கின்றன. தாயும் சேயுமாக இரண்டு நோயாளிகள், பார்ப்பவர் ஒருவர். பேறுகாலச் செவிலியம் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தைப்போல் வேறெங்கும் தெரிவதில்லை.

1. தலை தெரிந்துவிட்டால் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்ல வேண்டும். குலுங்கும் வண்டியில் குழந்தை கை நழுவும், தாய்க்கும் கிழிசல் பெரிதாகும்.

2. பிறந்த குழந்தையை உடனே துடைத்துத் தாயின் வெறும் மார்பில் படுக்க வைத்து, இருவரையும் சேர்த்து மூட வேண்டும். வண்டியின் ஏ.சி.யை அணைக்க வேண்டும். அழாத குழந்தைக்கு முதுகைத் தேய்த்தும் மூச்சு வரவில்லை என்றால், முதல் நிமிடத்துக்குள் சிறிய ஆம்பு பையால் (கையால் கசக்கி மூச்சு தரும் பை) நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை காற்று கொடுக்க வேண்டும். நன்றாக அழும் குழந்தைக்கு ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்துத் தொப்புள்கொடியைக் கட்டலாம்.

3. வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இரண்டாவது குழந்தை இல்லை என்று உறுதி செய்தபின், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் தொடையில் ஊசியாகப் போட வேண்டும். பிறந்த ஒரு நிமிடத்துக்குள் போடுவது நல்லது. இரட்டை இருப்பது தெரியாமல் போட்டால், உள்ளே இருக்கும் குழந்தையைக் கருப்பை இறுக்கிவிடும்.

4. நஞ்சுக்கொடியை இழுக்கக் கூடாது. இரத்தப்போக்கு இல்லாமல் நஞ்சு மட்டும் வராதிருந்தால் வண்டி கிளம்பலாம்.

5. தொப்புள் மட்டத்தில் கையை வைத்தால் கருப்பை பந்துபோல் கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்று இருந்தால் உள்ளே இரத்தம் சேர்கிறது. கெட்டியாகும் வரை தேய்த்துவிட வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடியும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இரத்த இழப்பைக் கண்ணால் மதிப்பிடுவதில் ஏறக்குறைய எல்லோரும் குறைத்தே சொல்கிறார்கள். துணியும் மெத்தையும் உறிஞ்சியது கணக்கில் வருவதில்லை. ஒரு கிட்னி டிரே நிறைய இரத்தம் என்றால் ஏறத்தாழ 500 மி.லி.; அதிக இரத்தப்போக்கு என்று வழக்கமாக வரையறுக்கும் அளவு அது. இரத்தச்சோகை உள்ள தாய்க்கு அதற்குக் குறைவான இழப்பே ஆபத்து.

வண்டிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கத்தரி வெயிலில் நிறுத்திய வண்டியின் அலமாரிச் சூட்டில் அதன் வீரியம் குறையும். குப்பியின் நிறம் மாறாது, காலாவதித் தேதியும் தாண்டியிருக்காது. ஊசி போட்டும் கருப்பை கெட்டியாகாது. பணி மாறும்போது குளிர்ப்பெட்டியின் ஐஸ் பேக்கைத் தொட்டுப் பார்ப்பது வண்டிச் செவிலியரின் வேலையில் ஒன்றாக இருப்பது இதனால்தான்.

இரத்தம் நிற்காத தாய்க்குக் கணுக்காலிலிருந்து வயிறு வரை சுற்றிக் கட்டும் அழுத்த உடை ஒன்று இருக்கிறது. கீழே இருந்து மேலே, ஒவ்வொரு பட்டையாக இறுக்கமாகக் கட்ட வேண்டும். காலில் தேங்கும் இரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் திரும்பும். மருத்துவமனை போய்ச் சேர நேரம் கிடைக்கும். கட்டுவதில் பிழை குறைவு, கழற்றுவதில்தான் உயிர் போகிறது. பிரசவ அறையில் யாரோ ஒருவர் பரிசோதிக்க வசதியாக எல்லாப் பட்டைகளையும் ஒரே வேகத்தில் அவிழ்த்தால் தாய் நொடியில் சரிந்துவிடுவார். இரத்தப்போக்கு நின்று, அழுத்தம் நிலைத்தபின், கணுக்காலில் தொடங்கி, ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் 15 நிமிடம் விட்டு அவிழ்க்க வேண்டும். அழுத்தம் 20 குறைந்தாலோ நாடி 20 கூடினாலோ உடனே திரும்பக் கட்ட வேண்டும். கூட வந்த செவிலியர் இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பிரசவ அறையை விட்டு வெளியே வரலாம்.

## நெடுந்தூர மாற்றல்: ஆக்சிஜன் கணக்கு

சிறிய மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்றும் பயணத்தில் வண்டியே நகரும் ஐ.சி.யூ. ஆகிறது. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு ஏறத்தாழ 65 கி.மீ., 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் வேறு சிலிண்டர் கிடைக்காது. புறப்படுமுன் போட வேண்டிய கணக்கு இது:

- தேவை: நிமிடத்துக்கு 15 லிட்டர், பயணம் 120 நிமிடம் என்றால் 1,800 லிட்டர். வண்டி பழுது, மண்சரிவு, நெரிசலுக்காக அதில் பாதியைக் கூட்டினால் 2,700 லிட்டர்.
- இருப்பு: பி வகை சிலிண்டர் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர், டி வகை ஏறத்தாழ 7,000 லிட்டர். மீட்டர் முள் பாதியில் நின்றால் இருப்பும் பாதிதான்.

ஆக ஒரு பி சிலிண்டர் போதாது, நிரம்பிய இரண்டு வேண்டும். வென்டிலேட்டர் என்றால் கருவி தானே இழுக்கும் வாயுவையும் சேர்க்க வேண்டும். நோயாளியை ஏற்றியபின் மீட்டரைப் பார்ப்பது மிகப் பழைய, இன்றும் நேரும் தவறு.

வாய் வழியாக மூச்சுப்பாதையில் செயற்கைக் குழாய் பொருத்திய நோயாளி என்றால், பல் மட்டத்தில் குழாய் எத்தனை செ.மீ. என்று குறித்துக்கொள்ள வேண்டும். வளைவில் குலுங்கி உள்ளே இறங்கினால் ஒரு நுரையீரலுக்கு மட்டுமே காற்று போகும். ஆக்சிஜன் அளவு திடீரென இறங்கினால் தேடும் வரிசை நான்கு: குழாய் இடம் மாறியதா, அடைத்ததா, நெஞ்சுக்குள் காற்று புகுந்து நுரையீரலை அழுத்துகிறதா, கருவி நின்றதா. ஐயம் வந்தால் கருவியைக் கழற்றிவிட்டு ஆம்பு பையால் ஆறு நொடிக்கு ஒரு மூச்சு. பெரியவர்களுக்கான பையை முழுவதும் கசக்கக் கூடாது, நெஞ்சு எழும் அளவு போதும். பதற்றத்தில் வேகமாக அடிப்பதே பொதுவான பிழை. நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, இரத்த அழுத்தம் விழும்.

## ஒப்படைப்பு

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் "தாய்" என்று சுருக்கி அழைக்கப்படும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில், நோயாளி வாசலிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கப்படுகிறார். வண்டி வருமுன்பே தகவல் போனால் சிவப்புப் படுக்கை தயாராக இருக்கும். தகவலைத் தருபவரும் பெறுபவரும் செவிலியராக இருந்தால் பேச்சு சுருங்கும்: வயது, நேர்ந்த நேரம், எப்படி நேர்ந்தது, காயங்கள், அளவுகள், கொடுத்த சிகிச்சை. ஆறு செய்திகளை அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லும்போது உயிர் காக்கும் வேலை தவிர மற்றதை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும்.

விடுபடுவது எது என்றால், பெரும்பாலும் மருந்து. 2023 ஜூனில் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை லோடிங் டோஸாக (தொடக்கத்தில் ஒரே தடவையாகத் தரும் கூடுதல் அளவு) தருகிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அடார்வாஸ்டேடின் 10 மி.கி. எட்டு. உயிர் காக்கும் ஏற்பாடு இது. அங்கே கொடுத்தது வண்டிக்குத் தெரியாமல் போனாலோ, வண்டிக்குத் தெரிந்தும் மருத்துவமனைக்குச் சொல்லப்படாமல் போனாலோ, அதே மருந்து மறுபடி விழும். அல்லது கொடுத்திருப்பார்கள் என்று நம்பி யாருமே கொடுக்காமல் விடுவார்கள். கொடுத்த நேரத்தைப் புறங்கையில் ஒட்டிய பிளாஸ்டரில் எழுதிவிடுவது எளிய தீர்வு. தாள் தொலையலாம், கை தொலையாது.

## இங்கே என்ன மாற வேண்டும்?

எல்லா வண்டிக்கும் சிறப்புச் செவிலியர் என்பது உடனே நடக்காது. அதற்கு முன் செய்யக்கூடியவை இருக்கின்றன. முதலாவது, எழுத்திலான நிலை ஆணைகள். தாழ்சர்க்கரை, வலிப்பு, கடும் ஒவ்வாமை, பிரசவ இரத்தப்போக்கு ஆகிய நான்குக்காவது, பதிவு பெற்ற செவிலியர் தொலைபேசிக்குக் காத்திராமல் தொடங்கலாம் என்ற ஆணை வேண்டும். மலைப்பகுதியில் சிக்னல் இல்லாத வளைவில் இந்தத் தாள்தான் மருத்துவர். இரண்டாவது, தீவிர சிகிச்சைக் கருவிகள் உள்ள உயர்நிலை வண்டிகளிலும் மாற்றல் பயணங்களிலும் முதலில் செவிலியரை அமர்த்துவது. மருந்து அதிகம் ஓடும் இடம் அது. மூன்றாவது, 12 மணி நேரப் பணியைக் குறைப்பது. பதினோராவது மணி நேரத்தில் மருந்தளவைக் கணக்கிடும் மூளையின் மீது பொறுப்பை மட்டும் கூட்டுவது நியாயம் ஆகாது.

நான்காவது யாரும் பேசாதது: பின்னூட்டம். வார்டுச் செவிலியர் தன் நோயாளி தேறியதை மறுநாள் பார்க்கிறார். வண்டியில் வந்தவருக்கு ஒப்படைத்ததோடு கதவு சாத்தப்படுகிறது. உள் இரத்தக்கசிவு என்று தான் நினைத்தது சரியா என்று தெரியாமலே அடுத்த அழைப்புக்குப் போகிறார். இரண்டு நாளுக்குள் இறுதி நோயறிதலை வண்டிக்குத் திருப்பி அனுப்ப ஒரு குறுஞ்செய்தி போதும்.

இலங்கையில் 2016-இல் இந்திய நிதியுதவியோடு தொடங்கி, 2018-இல் வடக்குக்கும் விரிந்த 1990 சுவ செரிய சேவையும் இதே இ.எம்.டி. அமைப்பில்தான் இயங்குகிறது, இந்த நான்கும் அங்கும் கேட்க வேண்டிய கேள்விகள்.

## வண்டி வருமுன் வீட்டில் செய்ய வேண்டியவை

- நோயாளி சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கையில் கொடுங்கள். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை இருந்தால் முதலில் சொல்லுங்கள்.
- வாய் கோணி, கை கால் விழுந்தவர் என்றால், எப்போது கண்டுபிடித்தீர்கள் என்பதைவிட, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதே தேவை. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம் அங்கிருந்துதான் எண்ணப்படும்.
- பாம்புக்கடி என்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம். கை காலை அசையாமல் வையுங்கள். வீக்கத்தின் எல்லையில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். இமை தொங்கினால் உடனே சொல்லுங்கள். அடுத்து மூச்சுத் தசைகள் தளரலாம்.
- கூட ஏறுபவர் ஒருவர் போதும். என்ன நடந்தது என்று நேரில் பார்த்தவரே ஏறட்டும்.